காலிங் பெல் அமுக்கினால் கிளம்பும் கார்

எங்கள் காரின் சாவியை வண்டி ஓடும்போதே உருவி எடுக்கலாம். எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாலும் கார் அது பாட்டுக்கு ஓடும். முதல் தடவை அது தானாகவே கழன்று என் காலடியில் விழுந்தது எங்கள் மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில், தோப்பும்படி சிக்னலில். நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஆட்டோக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். இடது பக்க சீட்டில் இருந்த என் கணவர் மட்டும் அசையவில்லை.

"சாவிதானே விழுந்துச்சு? வண்டி நிக்கலையே" என்றார்.

கல்யாணமான புதிதில் வாங்கிய சின்ன வெள்ளைக் கார் அது. சாவி போடும் துவாரம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் எதை நுழைத்தாலும் திரும்பும் நிலைக்கு வந்துவிட்டது. பீரோ சாவி போதும். நகவெட்டிக்குள் மடங்கியிருக்கும் குட்டி அரம் போதும். ஒருநாள் சாவியைக் காணாமல், உப்பு டப்பாவிலிருந்த ஸ்பூனின் காம்பை நுழைத்துக் கிளப்பி மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். சொன்னால் கத்துவார் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். "எந்த ஸ்பூன்?" என்று மட்டும் கேட்டார்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே ஐம்பதைத் தாண்டிய பிறகுதான். ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. இவருக்குக் கண்ணில் பக்கப் பார்வை குறைந்துவிட்டது. நேராக இருப்பது நன்றாகத் தெரியும், ஓரத்தில் வருவது தெரியாது. மட்டாஞ்சேரியில் எல்லாமே ஓரத்திலிருந்துதான் வரும். ஆட்டோ, ஆடு, தலையில் மூட்டையோடு சுமட்டுக்காரர்கள், படம் எடுத்துக்கொண்டே பின்பக்கமாக நடக்கும் டூரிஸ்டுகள். இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் சாவியை என் கையில் வைத்து, "இனி நீதான்" என்றார். ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் முன்வந்தார். முதல் நாளே எங்கள் தெருவின் நடுவில் காரை நிறுத்திவிட்டு நான் இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டதால், டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

கற்றுக்கொண்ட பிறகுதான் அதன் ருசி தெரிந்தது. களமசேரியில் எனக்கு மூன்று தோழிகள். மூவரும் என்னைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடும்பம் நடத்துகிறவர்கள். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களில் ஒருத்தி வீட்டில் கூடுவோம். சீட்டு விளையாடுவோம், வடை தின்போம், அதைவிட முக்கியமாக, வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவோம். அதனால் ஒரே ஒரு விதி உண்டு. வீட்டுக்காரர்கள் வரக்கூடாது. பஸ்ஸில் போன காலத்தில் எப்போதாவதுதான் என்னால் போக முடிந்தது. எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. பஸ் போர்டைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு கண்டக்டரிடமாகக் கேட்டு ஏறுவதற்குள் பாதி சனிக்கிழமை போய்விடும். கார் கைக்கு வந்த பிறகு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அந்த ஒரு மதியத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று மனதுக்குள் சத்தியமே செய்திருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை, பஜார் ரோட்டில், ஓர் அரிசிக் கிட்டங்கியின் வாசலில் கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினேன். திரும்பியது. இன்னும் திருப்பினேன். இன்னும் திரும்பியது. சுற்றிச் சுற்றி வந்ததே தவிர எஞ்சினுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பின்னால் ஒரு லாரி, அதற்குப் பின்னால் ஒரு பஸ். எல்லோரும் ஹார்னில் கையை வைத்தார்கள். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எனக்குத் தெரிந்த மலையாளம் தீர்ந்துபோகும் வரை திட்டினேன், பிறகு தமிழில் தொடர்ந்தேன். கடைசியில் சுமட்டுக்காரர்கள் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். "சேச்சி ஸ்டியரிங் பிடிச்சா மதி", பிடித்தால் போதும் என்று சொல்லி, எங்கள் வீடு வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டுப் போனார்கள்.

மெக்கானிக் வீட்டுக்கே வந்து பார்த்தார். இக்னிஷன் சுவிட்ச் முழுசாகப் போய்விட்டது, புதுசு சாவியோடு செட்டாகக் கிடைக்கும், மாட்ட அரை மணி நேரம் போதும் என்றார். எனக்கு உயிர் வந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

"சாவியா?" என்றார் என் கணவர், யாரோ அவரைக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதைப் போல.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் மட்டாஞ்சேரிதான். வீட்டில் தமிழ் பேசினாலும் மலையாளம்தான் எழுதுவார். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரு போட் யார்டில் மீன்பிடி போட்டுகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தவர். அவர் வயரிங் செய்த போட்டுகளில் சாவி கிடையாது. ஒரு தகட்டில் வரிசையாக சுவிட்சுகள் இருக்கும், ஓரத்தில் ஸ்டார்ட்டர் பட்டன் இருக்கும்.

"நடுக்கடல்ல சாவி கழண்டு விழுந்தா ஆரு போய் எடுப்பா? நான் ஒரு பேனல் பண்ணித் தரேன். பின்னே பாரு" என்றார் மெக்கானிக்கிடம்.

"நாம கடலுக்கா போறோம்? களமசேரிக்குத்தானேங்க" என்றேன். அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. மெக்கானிக் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

எங்கள் சாப்பாட்டு மேஜை ஒர்க்‌ஷாப் ஆனது. நாங்கள் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அலுமினியத் தகடு, வயர், சுவிட்ச், சால்டரிங் புகை என்று வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண்ணுக்கு நேராக வைத்துச் செய்யும் வேலை என்பதால் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. டாக்டரிடம் போய்வந்த பிறகு அன்றுதான் அவர் சீட்டியடித்து நான் கேட்டேன். அதனால் என் சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஒருநாள் யாரோ கதவை உடைப்பது போலத் தட்டினார்கள். கேஸ் சிலிண்டர்காரர். "பெல் அடிக்க வேண்டியதுதானே?" என்று எரிந்து விழுந்தேன். அவர் சுவரைக் காட்டினார். காலிங் பெல் பட்டன் இருந்த இடத்தில் இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"நல்ல பட்டன் கேட்டோ. இப்போ இதுமாதிரி கிடைக்காது" என்றார் உள்ளேயிருந்து என் கணவர். அதுதான் காருக்கு ஸ்டார்ட்டர் பட்டன். குட்டி மணி படம் போட்ட வெள்ளை பட்டன். இத்தனூண்டு பட்டன் அவ்வளவு கரண்டைத் தாங்குமா என்று கேட்டேன், எனக்கும் விஷயம் தெரியும் என்று காட்டுவதற்காக. நடுவில் ரிலே இருக்கிறது என்றார். ரிலே என்றால் என்ன என்று கேட்காமல் தலையாட்டி வைத்தேன்.

பேனல் முடிந்து காரில் ஏறியது. வரிசையாக மூன்று சுவிட்சுகள், பிறகு மணி பட்டன். முதலில் மெயின், அதைப் போட்டால்தான் பாட்டரியிலிருந்து எதற்கும் கரண்ட் வரும். அடுத்தது பெட்ரோல் பம்ப், அதை எப்போதோ எலக்ட்ரிக் பம்பாக மாற்றியிருந்தார். மூன்றாவது இக்னிஷன். அதற்கப்புறம் ஸ்டார்ட். ஒவ்வொன்றுக்கும் கீழே மார்க்கரால் அழகாகப் பெயர் எழுதியிருந்தார், மலையாளத்தில். நான் என் ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்து வந்து, மெயினுக்குச் சிவப்பு, பம்புக்கு மெரூன், இக்னிஷனுக்குப் பச்சை என்று ஒட்டினேன். போட்டில் வேலை பார்த்த யாருக்கும் இப்படி ஓர் அவமானம் நடந்திருக்காது என்றார். வாசிக்கத் தெரியாதவளுக்கு எழுதிக் காட்டுவதுதான் அவமானம் என்றேன்.

வெள்ளோட்டத்துக்குத் தெருவே வந்துவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வந்த சேட்டன் தலையை உள்ளே விட்டுப் பார்த்து, "இது காராணோ பிளேனாணோ சேச்சீ?" என்றார். நான் சுவிட்சுகளைப் போட்டு மணியை அமுக்கினேன். எஞ்சின் கிளம்பிவிட்டது. கைதட்டினார்கள். என் கணவர் போட் யார்டு முதலாளியைப் போல மீசையைத் தடவிக்கொண்டார். நான் கியரைப் போட்டு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினேன். டக்கென்று ஒரு சத்தம். அதோடு சரி. அதற்குப் பிறகு அது எந்தப் பக்கமும் திரும்பவில்லை, கார் மட்டும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே சாயாக்கடை. பிரேக்கை மிதித்துக்கொண்டே கத்தினேன். சாயாக்கடைக்காரர் பதறாமல் வாசலில் கிடந்த பெஞ்சைத் தூக்கி உள்ளே வைத்தார். பெஞ்சு இருந்த இடத்துக்கு இரண்டடி முன்னால் கார் நின்றது.

பழைய சாவித் துவாரத்தோடுதான் ஸ்டியரிங் பூட்டும் இருக்கிறது. துவாரத்தைச் சாவியால் திருப்பி வைக்காவிட்டால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். போட்டில் அப்படி ஒரு சாமான் கிடையாது என்பதால் இவருக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. அன்று மதியம் முழுவதும் சுத்தியலும் உளியுமாக அந்தப் பூட்டைக் கழற்றி எடுத்தார். ஆட்டோ சேட்டன் பக்கத்தில் சாயாவோடு நின்று ஒவ்வொரு அடிக்கும் கருத்துச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை குளித்து, புடவை மாற்றி, வடைக்கு அரைத்த மாவை டப்பாவில் எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன். சிவப்பு, மெரூன், பச்சை, மணி. ஒன்றும் நடக்கவில்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அப்போதும் ஒன்றும் இல்லை. மணியைக் குத்து குத்து என்று குத்தினேன். மாடி ஜன்னலில் இவர் தலை தெரிந்தது. இறங்கி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். குனிந்து செருப்பைச் சரிசெய்தார். "நீ அவசரப்படறே. யார்டுல நாங்க எப்படிப் பண்ணுவோம்னா, ஒருத்தன் பேர் சொல்லுவான், மற்றவன் சுவிட்சைப் போட்டு அதே பேரைத் திருப்பிச் சொல்லுவான். சொல்லாம ஒருத்தனும் சுவிட்சைத் தொடமாட்டான்" என்றார்.

அது உண்மை. யார்டில் ஒருத்தர் எஞ்சின் பெல்ட்டில் கையை வைத்திருந்தபோது, மேலே இருந்தவர் தெரியாமல் ஸ்டார்ட்டரை அமுக்கி, கீழே இருந்தவர் விரலை இழந்திருக்கிறார். அதற்குப் பிறகு அங்கே பெயர் சொல்லிப் பதில் வராமல் எதுவும் நடக்காது. இந்தக் கதையை என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே சொன்னவர் இவர்.

"மெயின்?" என்றார்.

"மெயின்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பம்ப்?"

"பம்ப்."

பம்ப் டிக் டிக் என்று அடித்து ஓய்கிறவரை காத்திருக்கச் சொன்னார். "இக்னிஷன்?" இக்னிஷன் என்றேன். "ஸ்டார்ட்?" ஸ்டார்ட் என்று சொல்லி மணியை அமுக்கினேன். உடனே கிளம்பிவிட்டது.

"பார்த்தியா? பொறுமை வேணும்" என்றார். அங்கே போய் நிறுத்திவிட்டுத் திரும்பி வரும்போது கிளம்பாமல் போய்விட்டால் என்ன செய்வாய் என்றும் கேட்டார். அப்படித்தான் அவரும் களமசேரிக்கு வந்தார்.

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது. நாங்கள் நாலு பெண்கள், நடுவில் சோபாவில் இவர். போன வாரம் பாதியில் நின்ற ஒரு முக்கியமான கதை இருந்தது, ஒருத்தியின் வீட்டுக்காரர் அவளுடைய பிறந்தநாளுக்குப் பிரஷர் குக்கர் வாங்கி வந்த கதை. அதை எப்படிச் சொல்வது? கொலஸ்ட்ராலைப் பற்றிப் பேசினோம். கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசினோம். "அண்ணே, இன்னொரு வடை" என்று உபசரித்தார்கள். சீட்டுக்கட்டை எடுக்கவே இல்லை. அடுத்த வாரம் நிலைமை இன்னும் மோசம். அந்த வீட்டு மிக்ஸி ஓடவில்லை என்று யாரோ வாய்தவறிச் சொல்ல, இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அதற்கடுத்த வாரம் ஃபேன் ரெகுலேட்டர். பிறகு அவர்களே உடைந்த சாமான்களைச் சனிக்கிழமைக்காக எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் நான் உள்ளே நுழைகிறேன், என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே கேட்கிறாள் ஒருத்தி, "அக்கா, அண்ணே வாராங்கல்ல?"

என்னுடைய மதியம் இவருடைய சர்வீஸ் சென்டர் ஆகிவிட்டது. வாரம் முழுவதும் நான் சேர்த்து வைத்த பேச்செல்லாம் நெஞ்சிலேயே தங்கி, எனக்கு அஜீரணமே வந்துவிட்டது. இவரோ வெள்ளிக்கிழமையே சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார்.

தனியாகப் போக நான் முயற்சி செய்யாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் பொறுமையாக, பம்ப் அடித்து ஓய்கிறவரை காத்திருந்து, பெயரைச் சத்தமாகச் சொல்லி, பதிலையும் நானே சொல்லிப் பார்த்தேன். ஒருமுறை ஆட்டோ சேட்டனையே இறக்குமதி செய்து பெயர் சொல்ல வைத்தேன். ஓட்டுநர் பக்க ஜன்னலுக்கு வெளியே அட்டென்ஷனில் நின்றுகொண்டு அவர் "பம்ப்!" என்று போட்ட சத்தத்தில் ஆடுகள் ஓடின. கார் கிளம்பவில்லை. இவர் வந்து உட்கார்ந்தால் கிளம்பியது. இந்த வண்டிக்கும் ஆம்பளைக் குரல்தான் வேண்டியிருக்கிறது என்று சேட்டனிடம் புலம்பினேன். "எண்டெதும் ஆம்பிளக் குரல் தன்னெயல்லே சேச்சீ" என்று வருத்தப்பட்டார் அவர்.

அந்தப் பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. அவர் குரலில் கிளம்பவில்லை என்றால் குரல் காரணமில்லை. அப்படியென்றால் இவர் வேறு என்ன செய்கிறார்? உட்காருகிறார். பெயர் சொல்கிறார். அதற்கு முன்னால் குனிந்து செருப்பைச் சரிசெய்கிறார். ஒவ்வொரு தடவையும் சரிசெய்கிறார். செருப்பில் வாரே கிடையாது.

அன்று மதியம் இவர் தூங்கியதும் இறங்கிப் போய், இடது பக்க சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். தூசி, கடலைத் தோல், ஒரு பழைய பஸ் டிக்கெட். அதற்குப் பின்னால், வெள்ளோட்டத்துக்குப் பிறகு சீட்டின் இரும்பில் திருகி வைத்த ஒரு சுவிட்ச். மணி பட்டனிலிருந்து போகும் கம்பி இது வழியாகத்தான் ஸ்டார்ட்டருக்குப் போகிறது. அதைப் போட்டுவிட்டு என் சீட்டுக்கு வந்து, சிவப்பு, மெரூன், பச்சை, மணி. யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பியது. எனக்கு வந்த கோபத்தில் அப்படியே ஓட்டிக்கொண்டு தென்காசிக்கு, என் பிறந்த ஊருக்கே போய்விடலாம் போலிருந்தது. பெட்ரோல் இல்லை. அணைத்துவிட்டு மாடிக்கு ஏறினேன்.

"சீட்டுக்கு அடியில என்னங்க அது?"

"எந்த சீட்டு?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"உங்க சீட்டு."

கொஞ்ச நேரம் தூங்குவது போலக் கிடந்தார். "அதா? அது கள்ளனுக்கு" என்றார்.

"எந்தக் கள்ளன்? ஸ்பூனைப் போட்டாலே கிளம்பின வண்டி. இத்தனை வருஷத்துல ஒரு கள்ளன்கூட எட்டிப் பார்க்கலை. அவனுக்கும் ஒரு மானம் மரியாதை இருக்கும்லா? நீங்க வச்சது கள்ளனுக்கா, எனக்கா?"

எழுந்து உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். சண்டைக்குத் தயாராகத்தான் நான் நின்றேன், ஆனால் அவர் சண்டை போடவில்லை.

"ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொன்னப்போ நான் ஏதாவது பறஞ்சேனா? சாவிய எடுத்து உன் கையில தந்தேன். சனிக்கிழமை ஆனா நீ பாட்டும் பாடிட்டு இறங்கிப் போவே. நான் ஜன்னல்ல நிப்பேன். வண்டி தெருமுனையில திரும்பும்போது ஓரத்துக்குப் போயிடும், எனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் அஞ்சு மணி வரைக்கும் இந்த வீட்டுல எனக்கு என்ன ஜோலி இருக்கு? அந்த வண்டியில ஒரு சுவிட்சாவது என் கையில இருக்கட்டும்னு தோணிச்சு. அத்ரதான்."

எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் குறையவில்லை. பாவப்பட்டு விட்டுக்கொடுத்துவிட்டால் சாகும்வரை கொலஸ்ட்ராலைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும் என்றும் தெரிந்தது.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது" என்றேன். "அதுக்காக என் சனிக்கிழமையைத் தரமாட்டேன். அது என்னுது. மத்த ஆறு நாளும் எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போறேன். நீங்க பேர் சொல்லுங்க, நான் பதில் சொல்லுதேன். சனிக்கிழமை மட்டும் நான் தனியாத்தான் போவேன்." சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். வைத்த சத்தத்தில் பாதி சாயா சாசரில் இருந்தது.

இரண்டு நாள் எங்களுக்குள் அவசியமான பேச்சு மட்டும்தான். வெள்ளிக்கிழமை அவர் காருக்குள் குனிந்திருப்பதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மறுபடி என்ன வில்லங்கம் பண்ணுகிறாரோ என்று இறங்கிப் போனேன். சீட்டுக்கு அடியிலிருந்த சுவிட்சைக் கழற்றி, என் பக்கத்தில், பேனலுக்குக் கீழே, என் கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டிவிட்டிருந்தார். பக்கத்தில் ஒரு நீலப் பொட்டு. என் அட்டையிலிருந்து அவரே எடுத்து ஒட்டியிருக்கிறார்.

"நாளைக்கு என்னால வரப் பற்றாது. ஜோலி இருக்கு" என்றார்.

"என்ன ஜோலி?"

"புது காலிங் பெல் மாட்டணும். ஆளுங்க கதவைத் தட்டித் தட்டிப் பெயிண்ட் போகுது."

சனிக்கிழமை தனியாகக் கிளம்பினேன். எர்ணாகுளத்தைத் தாண்டி, பாலங்கள் ஏறி இறங்கி, வல்லார்பாடத்திலிருந்து கண்டெய்னர் ரோட்டைப் பிடித்தேன். பெரிய டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் எங்கள் சின்ன வெள்ளைக் கார். "கிளட்ச்! கிளட்ச்!" என்று சொல்ல யாரும் இல்லை. நாலாவது கியரில் போட்டு, வாய்விட்டுப் பாடிக்கொண்டே போனேன். எனக்குக் குரல் கிடையாது. அதைச் சொல்லவும் யாரும் இல்லை.

கதவைத் திறந்தவள் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. "அண்ணே வரலையா?" என்றாள். இன்னொருத்தி டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து, என்னைப் பார்த்ததும் முகம் வாடி மறுபடி உள்ளே கொண்டுபோனாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆனால் வடைச் சட்டி அடுப்பில் ஏறியதும் எல்லாம் சரியாகிவிட்டது. பிரஷர் குக்கர் கதை முழுசாக வெளியே வந்தது. வாங்கி வந்தவர் அதிலேயே அன்றைக்குச் சாம்பார் வைக்கச் சொன்னாராம், குக்கர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க. பிறகு நான் சீட்டுக்கு அடியிலிருந்த சுவிட்சைப் பற்றிச் சொன்னேன். செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தே காட்டினேன். சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறிவிட்டது.

"எங்க வீட்டுல உள்ளவரு இருக்காரே, நான் எங்க போறேன்னுகூடக் கேட்கமாட்டாரு" என்றாள் குக்கர்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு சீட்டைக் கலைத்துப் போட்டாள். அன்று நான்தான் ஜெயித்தேன்.

ஐந்து மணிக்குக் காரில் ஏறினேன். சிவப்பு, மெரூன், பம்ப் அடித்து ஓய்ந்தது, பச்சை, நீலம். மணியை அமுக்கினேன். ஒரே அமுக்கில் கிளம்பியது. கியர் போடப் போகும்போது போன் அடித்தது.

"வண்டி எடுக்கலையோ?" என்றார் இவர். ஹலோகூடச் சொல்லவில்லை.

கவலைப்படுகிற குரலாக இருந்திருந்தால் அதட்டியிருப்பேன். கவலையே இல்லை அதில். ஆமாம் என்று சொல்லேன், எடுக்கவில்லை என்று சொல்லேன் என்று கேட்கிற குரல். புது பெல்லை எப்போதோ மாட்டி முடித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

"ஆமாங்க" என்றேன். "எடுக்கமாட்டேங்குது."

"நான் பறஞ்சேன்ல!" குரல் ஒரேயடியாக நிமிர்ந்துவிட்டது. "பதறாதே. எல்லாத்தையும் அணைச்சுட்டு முதல்லேருந்து வருவோம். மெயின்?"

"மெயின்" என்றேன், கையை மடியில் வைத்துக்கொண்டு.

"பம்ப்?"

"பம்ப்."

அதோடு நிறுத்திவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் தூக்கத்தில் கிடந்தாலும் அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் எழுந்து உட்காருகிற மனிதர் அவர். அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பக்கத்துல ஏதோ எஞ்சின் ஓடற சத்தம் கேக்குதே?" என்றார்.

"வேற யாரோட வண்டியோ. பக்கத்துல நிக்குது."

அந்தப் பக்கம் அவர் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆரோ நல்லா பார்த்து நோக்கி வச்சிருக்காங்க அந்த வண்டிய" என்றார். "சரி. இக்னிஷன்?"

"இக்னிஷன்" என்றேன்.